வீட்டைப் பார்த்து வந்த சுவர்

குழியில் இறங்கிக் குத்தவைத்தால் சாயங்காலம் வரை நிமிர முடியாத வேலை. பழைய கட்டடத்தின் செங்கல் மேல் படிந்த மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முட்டி போயிற்று, இடுப்பும் போயிற்று. அகழாய்வு நடக்கும் அந்த மேட்டில் எல்லோருக்கும் அவள் பிரஷ்ஷக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தன்றுதான் ஞாபகம் வரும்.

செங்கல் அவளை விட்டபாடில்லை. கல்யாணமான புதிதில் சூளையில் சுமந்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மேட்டோரமாக ஒரு வீடு கட்டினாள். முன்னறையில் புருஷனின் தையல் மெஷின், பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். அவருக்குக் கால் விளங்காமல் போய் வருஷக்கணக்காகிறது. இனி வேறு இடம் தேடிப் போய் முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை.

குழியில் கிடைத்த சுவரோ, போக வேறு திசையே இல்லாதது போல் நேராக அந்த வீட்டைப் பார்த்து வந்தது. மண்ணைத் தள்ளித் தள்ளி அதை அழைத்து வந்தவளும் அவளேதான். என்ன பிழைப்போ!

"இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு?" என்றார் புருஷன், ஊசியில் நூல் கோத்தபடி.

"நம்ம வேலிகிட்ட வந்தாச்சு. இதுக்கு மேல வந்தா வீட்ட விட்டு எழுந்து போங்கன்னு சொல்லிடுவாங்க."

மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் போகவில்லை. வேலியோரம் சுவரின் நுனிச் செங்கற்களைப் பெயர்த்துக் கூடையில் அள்ளி, மண் கொட்டும் குவியலில் வீசினாள். அடிவரிசை மட்டும் அசையவில்லை. அதை மண்ணால் மூடினாள். பெயர்த்த முனையில் சேற்றைக் குழைத்துப் பூசி, பிரஷ்ஷால் தடவிவிட்டாள். சுவர் அங்கேயே முடிந்த மாதிரி இருந்தது.

அகழாய்வை நடத்தும் மேடம் சாப்பிட்டுவிட்டு வந்தார். குனிந்து மண்ணைச் சுரண்டினார். அடிவரிசை தெரிந்ததும் குழந்தை மாதிரி கத்தினார்.

"படி! சுவத்துல இடைவெளி, கீழ படி... இது வாசல்க்கா! வெறும் சுத்துச்சுவர்னு நெனச்சு நாளையோட இந்தக் குழிய மூடிடலாம்னு இருந்தேன். வாசல் இருக்குன்னா அந்தப் பக்கம் ஒரு வீடே இருக்கணுமே!"

அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். "மேடம், அது வாசல் இல்ல. நான்தான் செங்கல்லப் பேத்தேன்."

மேடம் அவள் தோளில் கை வைத்தார். "புரியுதுக்கா. அங்க உங்க வீடு இருக்கு. அதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சத்தியமா மேடம். அந்தக் குவியல்லதான் போட்டேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். உடைந்த செங்கலும் மண்ணுமாக அது ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இன்றைக்குப் போட்டது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

மேடம் ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவன் வேலியைப் பிரித்தான். இன்னொருவன் அளவுக்கயிற்றோடு உள்ளே போய், அடுப்படிச் சுவரை ஒட்டி முளை அடித்தான்.

"யாருப்பா அங்க? என்ன வேணும்?" உள்ளேயிருந்து புருஷன் குரல் கொடுத்தார்.

அவள் குழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.