பத்து விநாடிக்குள் எந்த வீடு?

கணினியைத் திறந்ததும் எந்த வரி மேலே நிற்கவேண்டும்? சில வாரங்களாக இந்தக் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. நல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடியில், காலையில் மடிக்கணினியின் பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு கறுப்புத் திரை வருகிறது. அதில் இரண்டு வரிகள். ஒன்று லினக்ஸ், மற்றது விண்டோஸ். பத்து விநாடிக்குள் ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால், மேல்வரிதான் உங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அது தன்பாட்டில் திறந்துவிடும். எண்கள் இறங்க இறங்க, தேநீர்க் கோப்பையோடு நான் நின்று யோசிப்பேன். வாங்கிய சட்டையின் நிறத்தை மாற்றவே இரண்டு தரம் கடைக்குத் திரும்பிப் போகிறவள் நான். என்னிடம் பத்து விநாடி தந்தால் என்ன செய்வது?

நோர்வேயின் பேர்கன் நகரில் இருந்து நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம் ஆகிறது. இவருடைய வேலை இரண்டு வருடத்துக்கு யாழ்ப்பாணத்துக்கு மாறியதால் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தோம். நான் பிறந்து படித்த ஊர்தான். ஆனாலும் மரக்கறிக் கடையிலும் பாடசாலை வாசலிலும் என்னைக் கண்டவர்கள் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" முதலாவதற்கு விடை சொல்லி முடிக்க முன்னமே இரண்டாவது வந்து நிற்கும். பேர்கனில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் மழையைத் தவிர வேறெதுவும் கதைத்ததில்லை. ஒருநாள் துணிந்து, மாலையில் தேநீருக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் முகம் மாறி, ஏதாவது பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று கேட்டார். அங்கே அன்றைக்கே வரச்சொல்லிக் கூப்பிடுவது ஆபத்தில் இருப்பவர்கள் மட்டும்தான் போலிருக்கிறது. பிறகு நாட்காட்டியைப் பார்த்து அடுத்த மாதத்தில் ஒரு நாளைக் குறித்துத் தந்தார்.

கணினியும் அங்கே வாங்கியதுதான். விசைப்பலகையில் தலையில் வளையம் வைத்த எழுத்தெல்லாம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எங்கள் மகள் ஆரபிக்கு அதில்தான் நோர்வேஜிய வகுப்பு. அது முடிந்ததும் பேர்கன் சிநேகிதி இங்ரிட்டோடு சேர்ந்து படம் கீறுவாள். ஏழு வயதுக்காரிக்கு அதுதான் வாரத்தின் உச்சம். எனக்கோ, மற்ற நாட்களில் அவளோடு தமிழில் பேசும் ஒரு கணினி வேண்டும். 'சேமி', 'திற' என்று வாசித்து வாசித்தே எழுத்துப் படித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். "மொழியை மாத்தினால் போதும்தானே, உமக்கு எல்லாத்துக்கும் ஒரு கட்டிடம் கட்டவேணும்" என்றார் இவர். மாற்றிப் பார்த்தேன். சனிக்கிழமை ஆரபிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்புக்குப் பிந்திப் போய், அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அதனால்தான் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள், நோர்வேஜியத்துக்குப் பழைய விண்டோஸ், தமிழுக்குப் புதிய லினக்ஸ், ஆளுக்கு ஒரு வீடு என்ற முடிவுக்கு வந்தேன்.

அதைப்பற்றி நாட்கணக்காக வாசித்தேன். படங்களை மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன், பிறகு பிரதியைப் பிரதி எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தபோது இவரின் அம்மா, மாமியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். பண்டத்தரிப்பில் இருந்து கண் வைத்தியத்துக்காக எங்களோடு வந்து நிற்கிறார். திரையில் கணினியின் முழு இடமும் ஒரு நீளக் கட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கோடு. சுட்டியால் பிடித்து அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்கலாம். மாமிக்கு உடனே விளங்கிவிட்டது. மாமாவின் தம்பியோடு எல்லைவேலிக்காக வருடக்கணக்கில் வழக்காடியவர் அவர். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியால் தடியைக் கொஞ்சம் தள்ளி நடும் கலையை இரண்டு பக்கமும் கண்டவர்.

"ஆருக்கு எத்தினை பரப்பு?" என்று காணி அளக்கும் கணக்கிலேயே கேட்டார்.

பாதிக்குப் பாதி என்றேன்.

"உந்தக் கோட்டைக் கொஞ்சம் அங்காலை தள்ளு பிள்ளை. நோர்வேக்காரர் வந்து அளக்கப்போயினமே?"

நான் சிரித்துக்கொண்டே தள்ளி, மனம் கேட்காமல் திரும்ப இழுத்து, மறுபடி தள்ளினேன். மாமி பொறுமையாக அடுத்த கேள்வியைக் கேட்டார். "சரி, கிணறு ஆரின்ரை பக்கம்?"

கணினிக்கு ஏது மாமி கிணறு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் காணி பிரித்தாலும் கிணற்றைப் பிரிப்பதில்லை, இரண்டு வீட்டுக்கும் பங்கு இருக்கும். ஆரபி பிறந்ததில் இருந்து எடுத்த படங்கள் எந்த வீட்டுக்கு? எந்தப் பக்கத்தில் இருந்தாலும் தேவைப்படுமே. ஆகவே மூன்றாவதாக, இரண்டு பக்கமும் திறக்கக்கூடிய ஒரு பங்கை ஒதுக்கி, அதற்குக் 'கிணறு' என்றே பெயர் வைத்தேன். மாமி திருப்திப்பட்டார். தங்கள் வழக்கில் முதற்சண்டையே வாளியில்தான் தொடங்கியதாம்.

அந்தக் கதையில் நேரம் போய்விட்டது. "பத்தரைக்கு ராகுகாலம். கெதியா அமத்து பிள்ளை" என்றார். இவ்வளவு வாசித்த நான், அதன்பின் வந்த பக்கங்களில் ஒன்றைக்கூட வாசிக்காமல் 'தொடர்', 'தொடர்' என்று அமத்திக்கொண்டே போனேன். ராகுகாலத்துக்கு முன்னம் தொடங்கியாயிற்று. கணினி அணைந்து எழும்பியபோது கறுப்புத் திரை எதுவும் வரவில்லை. நேரே தமிழ்தான் வந்தது. அந்த அழகில் மயங்கி, மற்றதை நான் தேடவுமில்லை.

பின்னேரம் பாடசாலையால் வந்த ஆரபி, சப்பாத்தைக் கழற்றாமலே போய்ப் பார்த்தாள்.

"அம்மா, என்ரை நோர்வே எங்கை?"

திரும்பத் திரும்ப அணைத்துத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் தமிழ்தான் வந்து வணக்கம் சொன்னது. ஆரபி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நாங்கள் இனித் திரும்பிப் போகேலாதோ?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கிழமைதான் அவளுடைய பேர்கன் பாடசாலையில் இருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. பிள்ளைக்கு இடம் வைத்திருக்கவேண்டுமா, வேண்டாமா? இவரின் வேலையை இங்கேயே நீட்டவும் வழி இருக்கிறது. மாமிக்கு விளங்கக்கூடாது என்று நானும் இவரும் அதைப்பற்றி நோர்வேஜிய மொழியில் கதைத்தோம். வீட்டில் அந்த மொழியை எங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறந்துபோனோம்.

மாமி எட்டிப் பார்த்து, "முழுக்க அழிச்சுப்போட்டியோ பிள்ளை?" என்று கேட்டார். அது கவலையா ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அழியவில்லை. தேடித் தேடி வாசித்ததில் விளங்கியது. பழைய வீடு வைத்த இடத்திலேயே இருந்தது. புதிதாகக் குடிவந்தது, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார் என்று ஒரு கட்டளை கொடுக்கவேண்டியிருந்தது. கொடுத்தேன். பார்த்தது. அடுத்தமுறை கறுப்புத் திரையில் இரண்டு வரிகளும் வந்து நின்றன. ஆரபி உள்ளே போய், இங்ரிட்டோடு பாதியில் விட்ட பூனைக்கு வால் இருக்கிறதா என்று பார்த்தாள். வெளியே வந்து மற்றப் பக்கத்தால் போய்க் கிணற்றையும் எட்டிப் பார்த்தாள். அதன்பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து மேல்வரியைப் பலமுறை மாற்றிவிட்டேன். தமிழ் மேலே இருந்தால் சனிக்கிழமை குற்ற உணர்ச்சி, மற்றது மேலே இருந்தால் மிச்சநாள் முழுவதும். போன வகுப்பில் ஆசிரியை, 'யெம்', அதாவது வீடு, அதைக் கீறிக் காட்டச் சொன்னார். ஆரபி தாள் முழுவதையும் கறுப்பாக்கி நடுவில் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்தாள். நல்ல கரும்பலகை என்று அந்த நல்ல மனுஷி பாராட்டினார். கமெராவுக்கு வெளியே நின்ற நான், வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை வாங்கி மடிக்கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

நேற்றுக் காலை ஆரபி ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேலும் கீழும் போகும் அம்புக்குறியைத் தொட்டால் எண்ணிக்கை நின்றுவிடுகிறது. சீருடையோடு கதிரையில் இருந்து, மேல்வரிக்கும் கீழ்வரிக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றையும் திறக்கவில்லை. "இப்ப அது அவசரப்படுத்தாதம்மா" என்றாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

பேர்கன் பாடசாலையின் மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இதை வாசிப்பவர்களில் இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். நீங்கள் எந்த வரியை மேலே வைத்தீர்கள்? பிறகு மாற்றினீர்களா? பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை அவளை அந்த அம்புக்குறியைத் தொட்டுக்கொண்டிருக்க விடலாமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.