காந்தம் ஒட்டாத துண்டு

எங்கள் மேனேஜர் துப்பாக்கி சுடுவார். பயப்பட வேண்டாம், காகிதத்தைத்தான். அந்தக் காகிதத்துக்கும் அவரால் பெரிய ஆபத்து வந்ததில்லை.

குறி தவறுவதற்குக் காரணம் தன் கண்ணோ கையோ அல்ல, குழல் நுனியில் நிற்கும் சின்ன உலோகத் துண்டுதான் என்பது அவர் கட்சி. ஃப்ரண்ட் சைட் என்பார். பெயின்ட் உரிந்து பளபளக்கிறதாம், கண் கூசுகிறதாம். அதில் கற்பூரப் புகை படியவைத்தார். விரல் பட்டதும் போனது. மார்க்கர் பூசினார், வேர்வையில் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டிக்கான தேர்வு. வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இரும்புச் சாமான்களைக் கறுப்பாக்குவதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். பிசுக்குப் போகக் கழுவி, ஆசிட்டில் முக்கி, கொதிக்கும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் கால் மணி நேரம் போட்டு, அலசி எண்ணெயில் நனைத்தால், சுரண்டினாலொழியப் போகாத கறுப்பு. ஒன்பது வருடமாக அங்கே நான் கான்ட்ராக்ட். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது.

துண்டு கையில் வந்ததுமே எடை காட்டிக்கொடுத்துவிட்டது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

"சார், இது அலுமினியம். காஸ்டிக் தின்னுடும். பக்கத்து ஷெட்ல அலுமினியத்துக்குன்னே அனோடைசிங் பண்ணுவாங்க, அதுல கறுப்பு ஏத்திக்கலாம்."

"சும்னே பேசாதப்பா," என்று கன்னடம் கலந்து அதட்டினார். "துப்பாக்கின்னா இரும்பு. போடு."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். மேசைமேல் இருந்த காகிதத்தை நினைத்துக்கொண்டேன், போட்டுவிட்டேன். இன்றைக்கும் அவரைவிட என்மேல்தான் எரிச்சல் அதிகம்.

தொட்டி சோடா பாட்டிலைப் போலப் பொங்கியது. துண்டைக் கட்டியிருந்த கம்பியைத் தூக்கினால், நுனியில் எலி கடித்த சோப்புத் துண்டு மாதிரி ஏதோ ஒன்று.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார்.

தேர்வுக்கு அவர் போகவில்லை. அடுத்த மாதம் இரும்பில் ஒன்று வாங்கிவந்தார். கேபினிலிருந்து புறப்படும்போதே காந்தத்தையும் எடுத்துவந்து, என் கண்ணெதிரே ஒட்டிக் காட்டினார். மணல் அடித்துப் பளபளப்பை எடுத்து, முறைப்படி கறுப்பாக்கிக் கொடுத்தேன். இனிக் கண் கூச வழியே இல்லை. குண்டுகள் மட்டும் பழையபடி ஓரத்திலேயே விழுகின்றன.

அந்த வாரம் துணிந்து என் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பார்க்கலாம்ப்பா," என்றார். "மெட்டல் எதுன்னு பார்க்காம தொட்டியில போட்டவன்னு உன் மேல ஒரு ரிப்போர்ட் இருக்கே."