மேடைக்குப் போன கரண்டு

சுடலைச்செல்வி பசுவந்தனைக்காரி. வீட்டில் மானாவாரி உளுந்தும் கம்பும் விதைப்பார்கள். அவள் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தாள்.

தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கார்பன் நானோகுழாய்களைத் தகட்டில் பதித்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், நுனிகளிலிருந்து எலெக்ட்ரான்கள் பாயும். கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே கருவிக்கு அது உதவும். ஆனால், காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடக் கலத்திலும் மிஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்று நுனிகளை அரித்துவிடும். நாளாக ஆக மின்னோட்டம் விழும். அதைத் தடுப்பதுதான் அவள் வேலை.

குழாய்கள் கழன்றுவிடாதபடி தகட்டைச் சூடாக்கி ஒட்டவைத்தாள். மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றி, தாங்காத குழாய்களை முதலிலேயே எரியவிட்டாள். பிறகு வெற்றிடக் கலத்தில் வாரக்கணக்கில் ஓடவிட்டாள். மின்னோட்டம் விழவில்லை.

ஆண்டுவிழா மாலையில் ஆய்வகத்துக்குள் போனவள் திகைத்து நின்றாள். காற்றை உறிஞ்சும் பம்பு ஓடவில்லை. உயர் மின்னழுத்தம் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று புகுந்த கலத்தில் பொறி பறந்து, தகடு கருகிக் கிடந்தது.

"பம்பு லைனை யாரு அண்ணாச்சி பிடுங்கினது?"

எலெக்ட்ரீஷியன் முனீஸ்வரன் தலைகுனிந்தார். "பிரின்சிபால் சொன்னாவ தாயி. மேடை லைட்டுக்குக் கரண்டு பத்தலையாம்."

பம்புக்கும் பேட்டரி வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருப்பாள்! வெளியே ஒலிபெருக்கியில், "ஆராய்ச்சியில் நமக்கு இணை யார்?" என்று முதல்வர் முழங்கிக்கொண்டிருந்தார். ஆய்வகத்திலிருந்து மேடைக்கு இழுத்திருந்த லைனின் சுவிட்சை அவள் அணைத்தாள். மேடை இருண்டது.

மறுநாள் விசாரணை வைத்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டா விட்டுருவோம்," என்றார் முதல்வர்.

"நான் எதுக்கு சார் கேக்கணும்? மேடை கொஞ்ச நேரம் இருண்டதுக்கு விசாரணை வைக்குதீங்க. என் உழைப்பு மொத்தமும் கருகிப்போச்சே, அதை யாரு விசாரிக்கப் போறாவ?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் கல்யாணசுந்தரி நிமிர்ந்தார். "அவ கேக்கிறது நியாயம் சார். பேட்டரி கேட்டு நானும் உங்ககிட்ட வந்தேன். பிறகு பாப்போம்னு சொன்னீங்க."

சுடலைச்செல்விக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆனால் அந்த மாதமே பம்புக்குத் தனி லைனும் பேட்டரியும் வந்தன. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். புதுத் தகடு மாதக்கணக்கில் ஓடியது. மின்னோட்டம் சொல்லும்படியாகக் குறையவில்லை.

கல்லூரியின் அடுத்த ஆண்டறிக்கையில் அவள் ஆராய்ச்சியை, 'நிர்வாகம் வழங்கிய தடையற்ற மின்வசதியால் கிடைத்த சாதனை' என்று போட்டிருந்தார்கள். படித்ததும் அவள் அறிக்கையை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனாள்.

"தடையற்றதாம்ல!" என்று கல்யாணசுந்தரியிடம் அதை நீட்டினாள். "இதை மாத்தச் சொல்லணும் மேடம். வாங்க, இப்பமே போவோம்."

இருவரும் முதல்வர் அறைக்கு நடந்தார்கள்.