வைக்கோல் சில்லு

நெடுங்கேணிக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர் இருக்கையில் என் சைக்கிளின் பின் சில்லில், ரயருக்குள் ரியூப் வெடிக்கிறது. சிறுநீரக நோயாளருக்கு உதவி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம் இது. கூட வந்தவர்களும் சைக்கிள் திருத்தும் வாகனமும் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள். இருபுறமும் அறுத்த வயல்.

கொக்கிளாய்க் கடற்கரையிலிருந்து மீன்பெட்டி கட்டி வரும் ஒருவர் சைக்கிளை நிறுத்துகிறார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது.

"நீங்கள் போங்கோ அண்ணை, மீன் பழுதாப்போகும்."

"மீன் செத்துக் கன நேரம், தம்பி. நீர்தான் இந்த வெய்யிலுக்க இனிச் சாகப்போறீர்."

வயலில் இறங்கி வைக்கோல் அள்ளி வருகிறார். ரியூபை உருவிவிட்டு, வைக்கோலை முறுக்கி முறுக்கி ரயருக்குள் திணிக்கிறார்.

"இது தாங்குமோ?"

"சண்டைக்குள்ள இடம்பெயந்து போகேக்க இப்பிடித்தான் நாலு பேரை ஏத்திக்கொண்டு போனனான். நீர் ஒராள்தானே!"

அவர் தன் சைக்கிளில் ஏறி மிதிக்கிறார். பாரமே இல்லாத என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தார் வீதியில் ஐஸ் சொட்டிய ஈரக்கோடு மட்டும் முன்னால் போகிறது. அது காயுமுன் அதன் பின்னாலேயே மிதிக்கிறேன்.

கோடு நெடுங்கேணிச் சந்தையில் முடிகிறது. பெட்டியில் ஐஸ் ஒரு துண்டும் இல்லை.

"நேற்றையான் மீனோ?" என்கிறா ஒரு அம்மா.

அவர் பாரை மீனின் செவுளை விரித்துக் காட்டுகிறார். இரத்தச் சிவப்பு; மீன் பழுதாகவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது.