ஐம்பத்தேழு வயதுப் பிள்ளையின் அப்பா

சூட்கேசின் கைப்பிடியைப் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நிற்பார் வெங்கடாசலம் ஐயா. பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "இருபத்தாறு இருக்கு லா. மூணு கிலோவை எடுத்துடுங்க." லண்டன் எட்மண்டனில் எங்கள் தெருவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ பயணப்படுகிற எந்தக் குடும்பமும் அவர் வீட்டு வாசலில் பெட்டியை இறக்காமல் விமான நிலையத்துக்குப் போவதில்லை. மலாயா ரயில்வேயில் பார்சல் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தராசு பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவருடைய கட்சி.

கை தாராளமாகவே பொய் சொல்லும். போன வருடம் அவர் இருபத்துமூன்று என்று சொன்ன பெட்டி ஹீத்ரோவில் இருபத்தேழாகிவிட்டது. என் மனைவி சிவனேஸ்வரி, தங்கைக்கு ஆசையாக வாங்கிய பிரஷர் குக்கரை என் கையில் திணித்துவிட்டு அழாத குறையாக விமானம் ஏறினாள். குக்கரை மடியில் வைத்துக்கொண்டு நான் ரயிலில் வீடு திரும்பினேன். ஐயாவிடம் போய் விஷயத்தைச் சொன்னதற்கு, ஏர்போர்ட் தராசை யாராவது சரிபார்த்தார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அடுத்த பயணத்துக்கும் பெட்டியை அவரிடம்தான் கொண்டுபோனோம். அவர் போட்டுத் தருகிற கயிற்றுக் கட்டு அப்படி. சுங்கத்துக்காரனே கத்தரிக்கோல் தேட வேண்டும்.

ஐயாவுக்கு எண்பத்து நான்கு வயது. கறுப்பு, ஒல்லி. காற்று பலமாக அடிக்கிற நாளில் அவரை வெளியே விட மகள் யோசிப்பார். அந்த மகள் ருக்குமணி அக்காவுக்கு ஐம்பத்தேழு. வெளுத்த வட்ட முகம், சின்னக் கண்கள், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பிறப்பால் சீனர். மலாயாவில் கிம்மாஸ் என்ற ரயில் சந்திப்பு ஊரில், ஒரு மாதக் குழந்தையாக ஐயாவின் வீட்டுக்கு வந்தவர். பதினெட்டு வயதில் நர்சிங் படிக்க லண்டனுக்கு வந்து, வார்டு சிஸ்டராகி, போன வருடம் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எழுதினால் என் வீட்டுக்கே வந்து சண்டை பிடிப்பார். ஈஸ்ட் ஹாம் புடவைக் கடையில் அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து வம்பளந்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. எல்லாரும் சொல்லியாகிவிட்டது.

அக்கா வந்த பிறகு ஐயாவுக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். தமிழ் வீடுகளில் குறும்பு செய்கிற பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று சீண்டுவது வழக்கமல்லவா? ஐயாவின் வீட்டில் அந்தப் பட்டம் வயிற்றில் பிறந்த இரண்டு மகன்களுக்கும் மட்டுமே கிடைத்தது. ருக்குமணியை ஒருவரும் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. சின்ன மகன், தன்னைத்தான் எங்கிருந்தோ எடுத்து வளர்க்கிறார்கள் என்று நம்பிப் பத்து வயது வரை அழுதிருக்கிறான். பிள்ளை எப்படி இவ்வளவு நிறமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், மாசமாக இருந்தபோது குங்குமப்பூ சாப்பிட்டேன் என்று ஐயாவின் மனைவி முகம் மாறாமல் சொல்வாராம். "எத்தனை மூட்டை சாப்பிட்டீங்கன்னு யாராச்சும் கேட்டிருக்கணும்" என்பார் அக்கா. அந்த அம்மா காலமான பிறகுதான் ஐயா லண்டனுக்கு மகளிடம் வந்து சேர்ந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தச் செப்டம்பரில் எதிர் வீட்டு ஹேசல் வாயைத் திறக்கும் வரை. ஹேசல் இங்கிலீஷ்காரி. அவளும் கணவனும் சீனாவிலிருந்து தத்தெடுத்த மகள் ரோஸிக்கு எட்டு வயது. இவர்களைப் போன்ற குடும்பங்கள் சேர்ந்து, வருகிற ஏப்ரலில் மகள்களை அவர்கள் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போகிறார்கள், அதற்காக மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது, பிள்ளைக்கு அதைச் செய்வது பெற்றோரின் கடமை என்று ஹேசல் வேலியோரம் நின்று சொல்லியிருக்கிறாள். ஐயா நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, பிள்ளையை எடுத்து வளர்த்தா பிறந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணுமாமே. உங்களுக்குத் தெரியுமா?"

ஏதோ சட்டம் வந்து ஐம்பத்தேழு வருடமாகத் தனக்கு மட்டும் யாரும் அறிவிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற கலக்கம் அவர் முகத்தில் இருந்தது. அது சின்னப் பிள்ளைகளுக்கு, ஐயா, என்றேன். என் பிள்ளை மட்டும் என்ன, என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா பிறந்தது கிம்மாசில்தான். ஆனால் பெற்றவர்கள் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் சீனக் குடும்பங்கள் பலவற்றைப் பிடித்துக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இவர்களும் அதில் அகப்பட்டார்கள். கையில் ஏற்கெனவே நாலு பிள்ளைகள். பச்சைக் குழந்தை கப்பலில் பிழைக்காது என்று பயந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். போகிற ஊர் ஷான்தாங் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஐயா நம் பக்கத்து ஊர் மாதிரி உச்சரிப்பார். பார்சல் ஆபீஸ்காரர் அனுப்பியவர் விலாசத்தை மறப்பாரா?

சீனாவுக்குப் போகலாம் என்று ஐயா கேட்டதற்கு அக்கா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை, சுவர்தான் சொன்னது. ஐயாவின் இதயத்தைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருடம்தான், அதற்குமேல் விமானப் பயணம் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால்தான் உடனே போக வேண்டும் என்று ஐயா கத்துவார். அதனால்தான் போகவே கூடாது என்று அக்கா கத்துவார். ஒரே டாக்டரை வைத்து இரண்டு பேரும் இப்படி மூன்று வாரம் சண்டை பிடித்தார்கள்.

உண்மையான காரணம் டாக்டர் அல்ல என்பது சிவனேஸ்வரியிடம்தான் வெளிவந்தது. எங்கள் சமையலறையில் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே அக்கா சொன்னார்: "என்னைப் பெத்தவங்க கையிலேருந்து வாங்கினாரு. சாகறதுக்கு முன்னாடி கணக்கை முடிக்கப் பாக்குறாரு. நான் என்ன பார்சலா சிவனேஸ், கொண்டுபோய் ஒப்படைக்க?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மனைவி, "அப்பிடி ஏன் அக்கா நினைக்கிறியள்?" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

ஐயாவோ மகள் இல்லாமல் போக மாட்டேன் என்கிறார். சீனாவைப் பார்க்கவா போகிறேன் என்று என்னிடம் எரிந்து விழுந்தார். பெட்டி தூக்குவதையும் நிறுத்திவிட்டார். கை சரியில்லையாம். அந்த மாதம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு குடும்பங்கள் அவர் கை படாமலே ஹீத்ரோவுக்குப் போயின. இரண்டும் ஒரு கிலோகூட மிஞ்சாமல் தப்பின. அதை அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்காவது போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். தனக்குச் சாட்சியாக என்னையும் இழுத்துக்கொண்டார். மாத்திரை நேரம் தவறக்கூடாது என்பதற்காகத்தான் வருகிறேன் என்று பல தடவை சொல்லிக்கொண்டே அக்கா காரை ஓட்டினார்.

கூட்டம் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. அதை நடத்துகிற ஜில் என்ற பெண்மணி அக்காவைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சீன எழுத்துச் சொல்லித்தர யாரையோ வரச் சொல்லியிருந்தார்களாம், அவர்தான் என்று நினைத்துவிட்டார். தூரிகையும் சிவப்புத் தாள்களும் அக்காவின் கைக்கு வந்துவிட்டன. எனக்குச் சீனம் ஓர் எழுத்தும் தெரியாது, வேண்டுமானால் தமிழில் எழுதித் தருகிறேன் என்று அக்கா உள்ளதைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல ஜில்லுக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரோஸி, கிரேஸ், எம்மா என்று மண்டபச் சுவரெங்கும் அழகான தமிழ் தொங்கியது. சீன முகத்துச் சிறுமிகள் தங்கள் பெயரை அண்ணாந்து பார்த்துப் பூரித்தார்கள். எழுதி முடித்ததும் அக்கா வாசலோரம் போய், போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல், கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஐயா தேநீர் மேசையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கேக்கில் முட்டை, ஒரு பிஸ்கட்டில் மாட்டு எலும்பில் எடுத்த ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்தார். பரம சைவம். பஸ்ஸில் பக்கத்து ஆள் கோழிப் பொட்டலத்தைப் பிரித்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிற மனிதர்.

பிறகு பெற்றோர் வட்டமாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மகள்கள் நடுவே விரித்த பாயில். அங்கே போய் எதைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார் ஜில். உயரமான ஒரு தகப்பன், மகளை யாரோ விட்டுப்போன ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்றார். ரோஸியை விட்டுப்போன அன்றைக்கு அவளுக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் போட்டுவிட்டிருந்தார்கள், அதைப் பின்னியது யார் என்று தெரிந்தால் போதும் என்றாள் ஹேசல். நான் அதுவரை இந்தப் பயணத்தை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன். அந்த ஸ்வெட்டரோடு அந்த நினைப்புப் போய்விட்டது.

ஐயாவின் முறை வந்தது. எழுந்து நின்று, தன் பெயர், மலாயா ரயில்வே, ஓய்வு பெற்ற வருடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, அதோ என் மகள் என்று வாசலைக் காட்டினார். எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எனக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எனக்கு அந்தத் தாயைத் தெரியும், அவளோடு பேசியிருக்கிறேன் என்றார் ஐயா.

இருமல் நின்றுவிட்டது. அங்கிருந்த யாருமே தங்கள் மகளைப் பெற்றவளைப் பார்த்ததில்லை. அந்தத் தாய் என்ன சொன்னார் என்று ஹேசல் மெதுவாகக் கேட்டாள். ஐயா வாயைத் திறந்தார். அதுவரை ஓடிய ஆங்கிலம் நின்றுவிட்டது. "தம்பி, நீங்க சொல்லுங்க" என்று என்னை எழுப்பிவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

"நான் தனியாத்தான் போனேன். வீட்டுக்காரிக்குப் பயம். அந்தம்மா பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. இந்த ஆளே பட்டினி கிடக்கிறவன் மாதிரி இருக்கான், இவன் எங்கேருந்து சோறு போடுவான்னு மலாய்ல கேட்டுச்சு. குடுக்க மாட்டேன்னுடுச்சு."

அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன் என்று ஐயா சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, சாப்பிடு, நீ சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும் என்றாளாம். இதுவரை நான் மொழிபெயர்த்துவிட்டேன்.

"கஞ்சியில பன்னி இறைச்சி" என்றார் ஐயா.

நான் நிறுத்திவிட்டேன். இதைச் சபையில் சொல்லலாமா என்று அவரைப் பார்த்தேன். சொல்லுங்க என்று கையைக் காட்டினார். சொன்னேன்.

"வழிச்சுச் சாப்பிட்டேன் தம்பி. போதுமான்னு கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம் போடுங்கன்னேன். அதுக்கப்புறந்தான் பிள்ளையைத் தூக்கிக் கையில குடுத்துச்சு." பிறகு என்னை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது ருக்கு. ஸ்டேஷன்ல இட்லி சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

பாயிலிருந்த ரோஸி, அந்தக் கஞ்சி நன்றாக இருந்ததா என்று கேட்டாள். ஐயா நேர்மையாக யோசித்துவிட்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்று ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். மண்டபம் சிரித்தது. ஹேசல் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

ஐயா இன்னும் உட்காரவில்லை. பிள்ளை வளர்ந்ததும் கொண்டுவந்து காட்டு, சோறு போட்டாயா என்று நான் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாய் கேட்டாளாம். இவரும் தலையாட்டிவிட்டு வந்தாராம்.

"அந்தம்மா என்னை நம்பாமப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துது ருக்கு. உன்னை அங்க காட்டணும். அந்தம்மா இல்லாட்டி அந்த வீட்டுல யாருகிட்டயாச்சும். காட்டிட்டுக் கையோட கூட்டிட்டு வந்துடுவேன். ஒரு ராத்திரிகூட அங்க விட மாட்டேன்."

இதை மொழிபெயர்க்கையில் பாதியை நான் விழுங்கிவிட்டேன். அவர்களுக்கு மீதியும் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஜில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்ப்போம் என்பதுபோல் பாயை நோக்கி, ஏப்ரலில் வருகிற மகள்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள், எண்ண வேண்டும் என்றார். சின்னச் சின்னக் கைகள் எழுந்தன. வாசலோரத்தில் அக்கா சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினார். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்து, ரோஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் சடசடக்கப் பாயில் உட்கார்ந்தார். ரோஸி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ருக்குமணி அக்கா கையைத் தூக்கினார்.