ஓடியவளை விடாதவர்கள்

ஐம்பது வயதில், சண்முகாநதி அணையின் கரையோரமாகக் காட்டை ஒட்டிச் செல்லும் பாதையில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் கலந்துகொண்டேன். குறித்த நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். அதற்காகவே ஓராண்டு பயிற்சி செய்திருந்தேன்.

ஒருபுறம் நீர், மறுபுறம் மலை. பாதை மிக அழகானது. மற்றவர்கள் முன்னே போய்விட, நான் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி ஓடினால், வீட்டில் ஏதோ விபரீதம் என்றுதான் பொருள். ஒருவர் பைக்கை நிறுத்தி, "ஏறுங்கத்தா, கொண்டுபோய் விடுறேன். யாருக்கு மேலுக்கு முடியல?" என்றார். பந்தயம் என்று விளக்கினேன். அடுத்த வளைவில் இன்னொருவரிடமும் அதையே விளக்கினேன். பொறுமைசாலி என்று பெயரெடுத்த எனக்கே எரிச்சல் மூண்டது.

அதனால், திராட்சை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூப்பிட்டபோது பதில் சொல்லாமல் ஓடினேன். உடனே மூவர் கூடைகளைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தார்கள்.

"வீட்டுக்காரருக்கா ஆத்தா? ஆஸ்பத்திரியில சேத்துட்டாகளா? அழாத!"

"அழலக்கா, இது வேர்வை! பந்தயத்துல ஓடுறேன், விடுங்க!"

"பாவம், என்னமோ பெனாத்துறா" என்று ஒருத்தி என்னை இழுத்து நிறுத்தித் தண்ணீர் புகட்டினாள்.

பிறகும் மூவரும் விடாமல் கூடவே ஓடிவந்தார்கள். எல்லைக்கோட்டை நால்வருமாகத் தாண்டியபோது நேரம் கடந்திருந்தது. பதக்கம் போயிற்று. அங்கே கட்டியிருந்த பந்தயப் பதாகையைப் பார்த்ததும், தண்ணீர் புகட்டியவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி மகளே, சும்மாவா ஓடுன? எங்க வேலையும் கெட்டுச்சே!"

அந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் உண்மையாகவே நான் ஓட நேரும் நாளில், காரணம் தெரியாமலேயே உடன் ஓடிவர ஆள் உண்டு என்பதை அறிந்துகொண்டேன்.