வலது தோளில் தேய்த்த தைலம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் இருக்கும். இசிஜி அறைக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள் படுத்திருந்தார். கை கால்களில் கிளிப் மாட்டி முடித்து, மார்பில் ஆறாவது ரப்பர் குமிழைப் பொருத்திக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் கைபேசி இழுப்பறைக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் பரிசோதனை மையத்தின் சட்டம். அது உள்ளே கிடந்து இரண்டு தடவை அதிர்ந்தது, நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வரவேற்பு மேசையில் இருக்கும் தபன்தா திரைச்சீலைக்கு வெளியே நின்றுகொண்டு, பக்கத்து எக்கோ அறை வசந்தியின் வீட்டுக்காரர் போனில் பேசினார் என்று வங்காளியில் சொன்னார். இன்றைக்கு லீவா என்று கேட்டேன். இல்லை என்றார். காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அப்போது என் வாயில் முதலில் வந்தது அழுகை அல்ல, "எந்தக் கை வலிக்குதுன்னு சொன்னாளாம்?" என்ற கேள்வி. தமிழிலேயே கேட்டுவிட்டேன். தபன்தாவுக்குப் புரியவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு வசந்தியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அவளைத் தெரிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். நல்லவள், சிரித்த முகம், ஓடியாடி உதவி செய்வாள் என்றெல்லாம் எழுதலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று சொல்லாமல் அவற்றை எழுதினால் அது எனக்கு அடுக்காது.

அவள் இருதயத்தை ஸ்கேன் செய்து எக்கோ எடுப்பவள், நான் இசிஜி எடுப்பவள். சால்ட் லேக்கில் அந்த மாடிக் கட்டடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். பதினான்கு வருஷம். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்; துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரிலேயே பிறந்து, கிடர்பூரிலேயே கல்யாணம் கட்டி, தூத்துக்குடியைக் கல்யாணம் காட்சிக்கு மட்டுமே பார்த்தவள். ஆனாலும் அவள் வாயைத் திறந்தால் தூத்துக்குடிதான். வங்காளிகளுக்கு அவள் 'பாசந்தி தி', அதாவது வசந்தி அக்கா. இனிப்புக்கடைக்குள் போன மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். உன்னை கோமதின்னு கூப்பிடக்கூட யாருக்கும் நேரமில்லை, 'இசிஜி தி'ன்னுதானே கூப்பிடுதாங்க என்று திருப்பிக் கொடுப்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். புதிதாக வந்தவர்கள் கூட வேலை செய்பவர்களையே படுக்கவைத்துப் பழக வேண்டும். வசந்தி தானாக வந்து படுத்தாள். சிவப்புக் கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. இரண்டையும் மாற்றி மாட்டிவிடுவதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு. அப்படி மாட்டிவிட்டால் தாளில் முதல் வரி தலைகீழாக வரும். அவள் தாளில் முதல் வரி தலைகீழாக வந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கிளிப்களைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. ஆனால் தாள் தப்பு என்கிறதே! யாரும் பார்ப்பதற்குள் இரண்டையும் இடம் மாற்றி மறுபடி எடுத்தேன். வரி நிமிர்ந்து வந்தது. அப்பாடா என்று தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன்.

அவள் படுத்தபடியே தாளைப் பார்த்தாள். "கையச் சரிபண்ணிட்ட. நெஞ்சப் பாத்தியா?" என்றாள். மார்பில் வைக்கும் ஆறு குமிழ்களின் வரிகள் இடப்பக்கம் போகப் போக உயர்ந்துகொண்டே வர வேண்டும். அவள் தாளில் அவை குறைந்துகொண்டே போயின. அதை நான் பார்த்திருந்தேன். முதல் வரியின் பயத்தில் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள், ஒன்றும் இல்லை. வலப்பக்கம் நகர்த்தினாள். அங்கே அடித்துக்கொண்டிருந்தது.

"ஒயர்ல ஒண்ணும் தப்பில்லட்டி. எங்கம்மா கண்ணாடியப் பாத்து என்னயப் பெத்துட்டா" என்றாள்.

இருதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், எல்லாம் மாறி இருந்தது அவளுக்கு. அபூர்வம்தான், வியாதி இல்லை. பள்ளிக்கூடத்தில் இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது, படத்தைத் திருப்பிப் பிடித்திருப்பதாக டாக்டரே முதலில் நினைத்தாராம். இடம் மாறினாலும் வேலை ஒன்றுதான். அன்றைக்கு அவள் சொன்னது, "ஒயருக்கு முன்னாடி கைய வையி." அன்று முதல் யார் வந்து படுத்தாலும் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளிப்பைத் தொடுவேன். பதினான்கு வருஷத்தில் வலப்பக்க இருதயம் இன்னொன்று வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவதைக் கேட்டே நான் பாதி படித்தேன் என்று சொல்லலாம். ஒரு மீன் வியாபாரி வந்தார், நல்ல ஆகிருதி. அவருக்கு எக்கோ கருவியின் படத்திரையைத் திருப்பிக் காட்டினாள். டாக்டருக்கு அது பிடிக்காது, இவள் கேட்கவும் மாட்டாள். இந்தப் பக்கத்து இரண்டு அறைகளும் உடம்பிலிருந்து திரும்பி வந்த ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகின்றன, அந்தப் பக்கத்து இரண்டும் நுரையீரலில் காற்று வாங்கி வந்ததை உடம்புக்கு அனுப்புகின்றன, தலையிலிருந்து கால் விரல்வரை தள்ள வேண்டியிருப்பதால்தான் அந்தச் சுவர் இத்தனை கனம், நடுவில் படபடப்பவை ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள், காதில் கேட்கும் சத்தம் அந்தக் கதவுகள் மூடும் சத்தம் என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒரு கேள்வி கேட்டார். உள்ளே இவ்வளவு ரத்தம் ஓடும்போது இருதயத்துக்கே ரத்தம் போதவில்லை என்கிறார்களே, அது எப்படி?

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. அவள் சொன்னாள்: உள்ளே ஓடுகிற ரத்தத்தை இருதயத்தின் சதை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று மெல்லிய குழாய்கள் தனியாக இருக்கின்றன. பெரிய குழாய் இருதயத்தை விட்டு வெளியே வரும் இடத்திலேயே, வேறு எந்தக் கிளையும் பிரிவதற்கு முன்பு, அவை பிரிகின்றன. அதை என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது: "ஊருக்குப் பந்தி போடுததுக்கு முந்தி அது தனக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சிக்கிடும். அது விவரமானது. நாமதான் எடுத்து வைக்கதில்ல."

அவள் எடுத்து வைத்துக்கொண்டவள் இல்லை. மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதல் கை என்னுடையதாகத்தான் இருக்கும்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. மறைப்பதற்கில்லை, உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் உட்கார்ந்தால் என் நாடியை நானே பிடித்துப் பார்ப்பேன். ஒரு துடிப்பு தப்பி வந்தாலும் போச்சு, அன்றைக்குச் சோறு இறங்காது. மாதத்தில் ஒரு நாள் அவள் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு, நல்லா பாரு, நல்லா பாரு என்று உயிரை வாங்குவேன். அவளும் சலிக்காமல் பார்ப்பாள். ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இருதயம் சுருங்கி அடிக்கும்போது அதோட குழாய் எல்லாம் நசுங்கிக் கெடக்கும். ரெண்டு அடிக்கு நடுவுல ஓய்ஞ்சிருக்கும் பாரு, அப்பத்தான் அது சாப்பிடும். நீ பதறப் பதற அந்த நேரம்தான் குறையும். உள்ள இருக்கதச் சாப்பிட விடுட்டி." பிறகு சிரித்தாள். உன் பயத்தில் பாதி எனக்கு இருந்தால் நூறு வயசு இருப்பேன் என்றாள்.

இனி அவள் போவதற்கு முந்திய வாரத்துக்கு வருகிறேன்.

வங்காளிகளின் பூஜை விடுமுறை முடிந்து மையம் திறந்த வாரம். பண்டிகைக்காகத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். வசந்தி மூச்சுவிட நேரமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். எக்கோ எடுப்பவர்களுக்கு வலது தோள் வலிக்காமல் இருக்காது. படுத்திருப்பவரின் மேலாகக் கையை நீட்டி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார வேண்டும். எங்கள் மையத்தில் இதற்கு முன் இருந்தவர் தோளுக்கு ஊசி போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றவர். அதனால் வியாழக்கிழமை மத்தியானம் வசந்தி வலது தோளைப் பிடித்துக்கொண்டு, கைவரைக்கும் இழுக்குது கோமதி, மாடி ஏறினா கூடுது என்று சொன்னபோது எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கைப்பையிலிருந்த தைலப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். நல்லா அழுத்தித் தேய்ச்சுக்கோ, ஞாயித்துக்கிழமை கைய அசைக்காதே என்றேன்.

இடது தோள் என்று யார் வந்து சொன்னாலும் அடுத்த நிமிஷம் படுக்கவைத்து இசிஜி எடுத்திருப்பேன். மாடி ஏறினால் கூடுகிறது என்ற வார்த்தையைக் கேட்டாலே என் முடி சிலிர்த்துக்கொள்ளும். ஆனால் வலது தோள் என்றதும் காதுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு கதவு மூடிக்கொண்டது. அவளுக்கு வலப்பக்கம்தான் இடப்பக்கம் என்று அந்த மாடியில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? என் உள்ளங்கைக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். எக்கோ எடுப்பவள் தன் தோள் வலியை எக்கோ எடுப்பவளின் வலியாகவே பார்த்தாள். நானும் அப்படியே பார்த்தேன். தூங்கும்போதுகூடப் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய ஒரே நாளில் பயப்படவில்லை.

அவள் போன பிறகு எங்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். யாருக்கும் எந்தக் கையிலும் வலி வரலாம், தோள் வலி வெறும் தோள் வலியாகவும் இருந்திருக்கலாம், இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் யாராலும் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள்? அவள் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த நாட்கள் முழுவதும் என் நினைப்பு. தகனத்துக்குப் போனேன். அவர் பக்கத்தில் போகாமல் தூண் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். அவர் பெயர் கைபேசியில் வந்தபோது இரண்டு முறை எடுக்காமல் விட்டேன்.

பதினாறாம் நாள் கிடர்பூருக்குப் போனேன். வீடுவரை கார் போகாது. லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே புகுந்து நடக்க வேண்டும். மூன்று மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் மாடி ஏறினா கூடுது என்ற அவள் குரல்தான் கேட்டது. சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, சண்முகம் அண்ணன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை, தோள், மாடிப்படி, தைலம், எதையும் குறைக்கவில்லை. எனக்குத் தெரிஞ்சிருக்கணும் அண்ணே என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். முடிந்தது, இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் என் தைலப் பாட்டில் இருந்தது. முக்கால்வாசி காலி.

"இது ஒங்களோடதுன்னு சொன்னா. குடுத்துரணும்னு எடுத்து வச்சிருந்தா" என்றார். பிறகு பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெனமும் காலையில நான்தாம்மா தேய்ச்சுவிட்டேன். தோள்ல இருந்து நாலு விரக்கட தள்ளி அது அடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கு. இருபத்திரெண்டு வருசம் அந்தப் பக்கம்தான் தல வச்சுப் படுத்திருக்கேன். எங்கைக்குத் தெரியலயே."

அவரும் பதினாறு நாளாக என் கேள்வியைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குப் போன் செய்ததும் அதைக் கேட்கத்தானாம். அவர் பெயரைக் கண்டு நான் எடுக்காமல் விட்ட போன்கள். இரண்டு பேரும் அழுதோம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடிக்கடி இறுக்குது, துக்கத்துலதான் என்றார். துக்கம்தான் என்று நானும் சொல்லியிருக்கலாம். பூஜைக்குப் பிந்திய அந்த வியாழக்கிழமை இல்லையென்றால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் காலை மையத்துக்கு வரவில்லையென்றால் நானே ஆட்டோ பிடித்து வந்து கூட்டிப் போவேன் என்று மிரட்டினேன்.

வந்தார். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் வந்து படுத்துக்கொண்டார். தைலப் பாட்டில் என் இழுப்பறையில், கைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இனி அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். வசந்தியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும், ஒயருக்கு முன்னாடி வைக்கச் சொன்ன இந்தக் கையும்தான். கிளிப்பை எடுப்பதற்கு முன் அந்தக் கையை அவர் மார்பில் வைத்தேன். அது தானாக வலப்பக்கம் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டு இடப்பக்கம் நகர்த்தினேன்.

தாள் வந்ததும், "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். எந்திரிக்காதீங்க அண்ணே, டாக்டர் இப்பவே பாக்கட்டும் என்றேன். தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருந்தவர்களைத் தாண்டி, டாக்டர் அறைக்கு நானே நடந்தேன்.